ஒரு சிட்டிகை மயில்துத்தம்

“அங்கிள், ஒன்பது தாளுக்கும் பின்பக்கம் பச்சை பிடிச்சுக் கிடக்கு. நீங்கள் அப்ப என்ன பசை போட்டனீங்கள்?”

தர்சினி தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது, ரொறன்ரோவின் கிழக்கு ஓரம், ரூஜில், எங்கள் வீட்டுக் குசினியில் நின்று வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். கத்தி கையை விட்டு நழுவிச் சிங்குக்குள் விழுந்தது. அடுப்படியில் நின்ற என் மனைவி மலர், “என்னப்பா, கையை வெட்டிப்போட்டியளே?” என்று ஓடி வந்தாள். இல்லையென்று தலையை ஆட்டினேன்.  எந்த ஒன்பது தாள் என்று அவள் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

“கோதுமை மாப் பசைதான் பிள்ளை. வேறை என்ன?” என்றேன்.

பொய். முப்பது வருஷத்துக்கு முன்னர் இதே கேள்விக்குச் சொன்ன அதே பொய், யோசிக்காமலே வாயில் வந்து நின்றது. என் குரல் துளிகூடத் தடுமாறவில்லை. அதுதான் என்னை முதலில் திடுக்கிட வைத்தது.

“ஓகே, அப்ப பயமில்லை. பங்கஸ், பூஞ்சணம் ஏதும் ஆக்கும். நாளைக்குக் காலமை தண்ணியிலை போட்டு, பின்னாலை ஒட்டின கடதாசியைக் கழட்டப் போறன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் ரொறன்ரோவில் ஓர் ஆவணக் காப்பகத்தில், பழுதுபட்ட பழைய தாள்களைத் திருத்தும் வேலை செய்து ஓய்வுபெற்றவன். தர்சினி இப்போது அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவள். இங்கே பிறந்து, இதற்கென்றே பல்கலைக்கழகம் போய்ப் படித்த பிள்ளை. காப்பகத்தின் செய்தி மடலுக்கு என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் பார்ப்போம் பார்ப்போம் என்று கடத்திக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன், ஆனால் தமிழில். ஆங்கிலத்தில் எழுதினால் அலுவலகக் கடிதம் மாதிரி வந்து, நான் தப்பிப் போய்விடுவேன்.

ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஓர் அறைக்குள் ஆறு பேர் படுத்தெழும்பிய காலத்தில், தரை துடைக்கத்தான் அந்தக் காப்பகக் கட்டடத்துக்குள் முதலில் போனேன். அதற்கு முன்னர் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஓர் அச்சகத்தில், புத்தகம் கட்டும் பகுதியில் நாலு வருஷம் நின்றவன். ஒருநாள் குப்பைக் கூடைக்குள் முதுகு கழன்ற அகராதி ஒன்று கிடந்தது. மனம் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நூல் போட்டுக் கட்டி ஒரு மேசையில் வைத்தேன். அடுத்த நாள், இதைக் கட்டியது யார் என்று கேட்டுக்கொண்டு மிஸ் ஹோல்டன் வந்தார். திருத்தும் பகுதியின் தலைவி அவர். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். போகவில்லை. இரண்டு வருஷம் மாலை வகுப்புக்குப் போனேன், அவருடைய மேசைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு மேசை வந்தது. என்னுடைய படிப்பு அவ்வளவுதான்.

மிஸ் ஹோல்டன் உயரமான, மெலிந்த மனுஷி. முழங்கையில் ஒட்டுப் போட்ட சாம்பல் கம்பளிச் சட்டை ஒன்றைப் பத்து வருஷமாவது போட்டிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைக்க முடியுமா என்று தோன்றும்.  ஊர் அச்சகத்து முதலாளி மாதிரி நாலு தூஷணம் பேசிவிட்டால் எவ்வளவு சுகம் என்று நினைப்பேன்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. திரும்பக் கழற்ற முடியாத எதையும் ஒரு தாளுக்குச் செய்யக்கூடாது. அது ஒன்று. தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, இரண்டு பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று வேலை அட்டையில் எழுதி, அவருக்குக் காட்டிவிட்டுத்தான் பசைத் தூரிகையைத் தொட வேண்டும். அது மற்றது.

பசை காய்ச்சுவதை அவர் ஒரு பூசை மாதிரிச் செய்வார். கோதுமை மாவிலிருந்து எடுத்த வெறும் மாச்சத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய நெருப்பில், மரக் கரண்டியால் நிறுத்தாமல் கிண்ட வேண்டும். வெள்ளை போய்க் கண்ணாடி நிறம் வந்ததும் இறக்கி ஆறவைத்து, குதிரை மயிர் வலை போட்ட அரிதட்டில் மூன்று தரம் வடித்து, கஞ்சித் தண்ணீர்ப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். அவ்வளவுதான். வேறொன்றும் போடமாட்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் அச்சகத்தில் தகரப் பேணியில் மாவைக் கொட்டிக் கொதிக்கவைத்து, இறக்குகிற நேரம் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவோம். நீலக் கட்டியாக இருக்கும், பொடித்துப் போட்டால் பூச்சி கிட்ட வராது. துத்தம் போடாத பசை என்றால் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நாங்களே சாப்பாடு வைத்த மாதிரி. ஒருமுறை மிஸ் ஹோல்டனிடம் கேட்டேன், பூச்சிக்கு என்ன போடுவீர்கள் என்று. “ஒன்றும் போடுவதில்லை, அறையைக் கூட்டுவோம்,” என்றார். ஏனென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் திருத்தும் பகுதியில் சேர்ந்து மூன்றாவது வருஷம் செனட்டரின் பெட்டிகள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் கடிதங்கள், பேச்சுகள், குறிப்புகள். அவருடைய பேத்தி ஒருத்தி கல்யாணம் செய்து ரொறன்ரோவுக்கு வந்ததால் அந்தப் பெட்டிகளும் அவளோடு வந்து, அவள் வீட்டு நிலவறையில் கிடந்து ஊறி, பிறகு எங்களிடம் சேர்ந்தன. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்லி அந்த மனுஷனுக்கு இன்னுமொரு தரம் பெருமை சேர்க்க எனக்கு விருப்பமில்லை. அடிமைமுறைக்கு எதிராகப் பேசிய பெரிய நாவன்மையாளர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய மிகப் புகழ்பெற்ற பேச்சின் முதல் வரைவு, அவர் கைப்பட எழுதிய ஒன்பது தாள்கள், எங்கள் பெட்டிக்குள் இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, தொட்டால் கையோடு வரும் நிலை. அதைக் கண்காட்சிக்கு வைக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னது. பின்பக்கம் தடித்த கடதாசி ஒட்டிப் பலப்படுத்தினால்தான் நிமிர்ந்து நிற்கும்.

அந்த நேரம் பார்த்து மிஸ் ஹோல்டன் சத்திரசிகிச்சை ஒன்றுக்காக ஒரு மாதம் லீவில் போனார். “நான் வரும்வரை அந்த ஒன்பதையும் தொட வேண்டாம்,” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். கண்காட்சிக்காரர் வந்து நின்று அவசரப்படுத்தினார். எனக்கும் ஒரு நப்பாசை. அவர் வரும்போது ஒன்பதும் அழகாக முடிந்து கிடந்தால், இவன் சும்மா தரை துடைக்க வந்தவன் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும் அல்லவா!

பேச்சைக் குப்புறப் போட்டேன். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது. மங்கின மை, சாய்ந்து ஓடுகிற பழைய கையெழுத்து, வரி வரியாக ஒரு பட்டியல். அந்தக் காலத்து ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்க எனக்கு அப்போது தெரியாது. அங்கங்கே ஓர் இலக்கம், ஒரு பெயர் விளங்கிற்று. யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாம். வெட்கம். மூன்று வருஷமாகத் திருத்துகிறாய், உனக்கு வாசிக்கத் தெரியாதா என்று கேட்டுவிடுவார்களே! வேலை அட்டையில் எழுதினேன்: பின்பக்கம் பெயர்ப் பட்டியல், முக்கியமற்றது. படமும் எடுக்கவில்லை.

பசையைக் காய்ச்சி இறக்கும்போது, மேசை விளிம்பில் ஓர் இராமபாணப் பூச்சி ஓடிற்று. ஒன்றே ஒன்றுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு பெரிய பொருள், இவ்வளவு பசை, இந்த வெள்ளைக்காரருக்கு ஒரு சின்ன விஷயம் விளங்கவில்லையே என்று நினைத்தேன். சாக்கடைக் குழாய்க்குள் மர வேர் வராமல் போடுகிற நீலக் கட்டி ஹாட்வெயார் கடையில் விற்பார்கள். அதுவும் துத்தம்தான். போய் வாங்கி வந்து பொடித்து ஒரு சிட்டிகை போட்டேன். அடுத்த பானைக்கும் ஒரு சிட்டிகை. கிழிசல் உள்ள இடமெல்லாம் நன்றாக நிற்கட்டும் என்று இரட்டைப் பூச்சாகப் பூசினேன். தாளை ஈரப்படுத்தி, கடதாசியைப் பரப்பி, தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றை வெளியேற்றி, ஒற்றுத்தாளுக்குள் வைத்துப் பலகையும் பாரமும் ஏற்றினேன். ஒன்பதும் கண்ணாடி மாதிரி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மிஸ் ஹோல்டன் திரும்பி வந்து அட்டையை எடுத்து வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

“முக்கியமற்றது என்று தீர்மானித்தது யார்?”

“நான்தான், மிஸ்.”

துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாட்டிக்கொண்டு, “மாப் பசை மட்டும்தானே?” என்று கேட்டார்.

“ஓம், மிஸ். மாப் பசை மட்டும்தான்.”

“அப்படியானால் சரி. ஒருநாள் யாராவது தண்ணீரில் போட்டுக் கழற்றிப் பார்க்கலாம்,” என்று சொல்லி, என் பெயருக்குப் பக்கத்தில் தன் கையொப்பத்தையும் வைத்தார். என்னை நம்பி வைத்தார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பசை ஈரம் காய்ந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்காது, எல்லாவற்றையும் கழற்றிக் கழுவியிருப்பார். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

செப்பு கடதாசியைத் தின்னும், அந்தக் காலத்து இரும்பு மையோடு சேர்ந்தால் இன்னும் கெதியாகத் தின்னும் என்று நான் ஒரு வகுப்பில் அறிந்தது அதற்கு ஐந்தாறு வருஷத்தின் பின்னர்.  அன்றைக்கே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், தாள்கள் நல்லாகவே இருந்தன. அப்பாடா என்று மூடிவைத்தேன். பிறகு மிஸ் ஹோல்டன் ஓய்வுபெற்றார், காலமானார். செத்தவீட்டுக்குப் போய் முன்வரிசையில் இருந்தேன். அதன் பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒன்பது தாளையும் நான் மறந்தே போனேன். இத்தனை வருஷம் மனச்சாட்சி உறுத்திக்கொண்டே இருந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உறுத்தவில்லை.

இப்போது குசினியில் தொலைபேசியைப் பிடித்தபடி நிற்கிற என்னிடம் திரும்பி வருகிறேன்.

“ஆரப்பா போனிலை? ஏன் முகம் இப்பிடிக் கறுத்துப்போச்சு?” என்றாள் மலர்.

“பொய் சொல்லிப்போட்டன்.”

“ஆருக்கு?”

முழுவதையும் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்தினாள். “உங்களுக்கென்ன விசரே? அந்தப் பிள்ளை நாளைக்குத் தண்ணியிலை போடப் போறன் எண்டு சொல்லுது, நீங்கள் வாழைக்காயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். வெளிக்கிடுங்கோ. போனிலை சொல்லிப்போட்டு நழுவக்கூடாது, நேரை போய்ச் சொல்லுங்கோ.”

பஸ்ஸும் சப்வேயும் மாறிப் போய்ச் சேர்ந்தபோது தர்சினி வேலைக்கூடத்தில் தனியே நின்றாள். ஒன்பது தாளும் மேசையில் குப்புறக் கிடந்தன. ஐயோ! நான் எதிர்பார்த்துக்கொண்டு போனதைவிட மோசம். பசை தடித்த இடமெல்லாம் பாசி பிடித்த கிணற்றுப் படி மாதிரிப் பச்சை. அதைச் சுற்றிக் கபில நிறம். கிழிசலுக்கு இரட்டைப் பூச்சுப் பூசிய இடங்களில் தாள் வெடித்து நின்றது. என் தூரிகை போன தடமே அதில் தெரிந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழகாக.

“பிள்ளை, உது பங்கஸ் இல்லை. நான் மயில்துத்தம் போட்டனான்.”

“வட்? என்ன துத்தம்?”

“கொப்பர் சல்பேட்.”

தர்சினி கதிரையில் இருந்துவிட்டாள். மிஸ் ஹோல்டன் மாதிரிக் கண்ணாடி துடைக்கிற ஆள் இல்லை அவள். கத்தினாள். “அங்கிள், ஆர் யு சீரியஸ்? நான் நாளைக்குத் தண்ணியிலை போட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு தெரியுமோ? உந்தச் செப்பு முழுக்கக் கரைஞ்சு பேப்பர் எல்லா இடமும் ஓடியிருக்கும். ரெண்டு பக்க எழுத்தும் போயிருக்கும்! போனிலை கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?”

“தெரியேல்லை. வாயிலை வந்திட்டுது.”

“ஓ மை கோட்,” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகுதான் சொன்னாள், இந்தத் தாள்களை ஏன் இப்போது திறக்கிறார்கள் என்று.

பழைய வேலை அட்டைகள் எல்லாவற்றையும் அண்மையில் ஸ்கான் செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அதில் என் கையெழுத்தில் இருந்த ‘பெயர்ப் பட்டியல், முக்கியமற்றது’ என்ற வரியை ஒரு பெண் பார்த்திருக்கிறார். பெயர் லொரேன். எழுபது வயது தாண்டியவர், ஸ்காபரோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், கறுப்பினத்தவர். அவருடைய முன்னோர் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து கனடாவுக்குத் தப்பி ஓடி வந்தவர்கள். அவர்களில் முதலில் வந்தவள் சூசன்னா. அடிமையாக வேலை செய்த தோட்டத்தில் சூசன்னாவுக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. எல்லை கடந்து வந்தபோது அவள் தனியே வந்தாள். குழந்தையைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்கவில்லை. பிள்ளையைக் குடிசையில் போட்டுவிட்டு ஓடியவள் என்று, பின்னால் வந்தவர்கள் கதை கட்டினார்கள். அந்தக் கதை தலைமுறை தலைமுறையாக வந்தது. லொரேன் தன் மகனைப் பகல் காப்பகத்தில் விட்டுவிட்டு பஸ் ஓட்டப் போன முதல் நாள், அவருடைய தாயே சொன்னாராம், உனக்குச் சூசன்னாவின் இரத்தம் என்று.

தப்பி ஓடியவர்களின் பட்டியல் ஒன்றை எழுதித் தரும்படி, அந்தத் தோட்டத்து முதலாளி ஓர் இளம் வழக்கறிஞனைக் கேட்ட கடிதம் அமெரிக்காவில் கிடைத்திருக்கிறது. பட்டியல் மட்டும் கிடைக்கவில்லை. அந்த இளம் வழக்கறிஞன்தான் பின்னாளில் எங்கள் செனட்டர்.

 நான் ஒட்டி மூடியது அதுவா?

“லைட் பிடிச்சும் பார்த்தாச்சு, கமராவாலையும் பார்த்தாச்சு,” என்றாள் தர்சினி. “ரெண்டு பக்க எழுத்தும் ஒண்டுக்கை ஒண்டு கலந்து கிடக்கு. கழட்டினாத்தான் வாசிக்கலாம். லொரேனுக்கு நீங்கள்தான் சொல்லோணும் அங்கிள். நான் சொல்லமாட்டன்.”

இரண்டு நாள் கழித்து லொரேன் வந்தார். அகன்ற தோள், கணீரென்ற குரல். இவருடைய பஸ்ஸில் நான் எத்தனை தரம் ஏறியிருப்பேன் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், பொய்யையும் சேர்த்து.  கடைசியில், “முதலில் திறவுங்கள். உங்களோடு கோபிப்பதா என்று பிறகு பார்க்கிறேன்,” என்றார்.

திறக்க மூன்று கிழமை எடுத்தது. தண்ணீரில் போட முடியாது. எனவே கடற்பாசி. முன்னர் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் நோன்பு மாதத்தில் இனிப்பாக உறையவைத்துத் தட்டில் கொண்டுவந்து தரும் அதே கடற்பாசிதான். சீனி போடாமல் காய்ச்சி, மெல்லிய தகடாக உறையவைத்து, அதைக் கடதாசியின் மேல் விரல் அகலம் விரல் அகலமாக வைப்பாள் தர்சினி. அது கொஞ்ச ஈரத்தைக் கொடுத்து, இளகிய பசையையும் செப்பையும் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். எடுக்கும்போது கண்ணாடி நிறத் தகடு நீலமாக வரும். முதல் நீலத்தைக் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் மூன்று தாளுக்கும் என்னைக் கிட்டவே விடவில்லை. நாலாவதிலிருந்து, “எந்த இடத்திலை தடிப்பாப் பூசினனீங்கள், காட்டுங்கோ,” என்று கூப்பிட்டாள். என் கை அந்த இடங்களை மறந்திருக்கவில்லை.

முதல் தாள் திறந்ததுமே இரண்டு பேரும் விறைத்துப்போய் நின்றோம். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒரே கையெழுத்து. ஒரு பக்கத்தில், மனிதனை மனிதன் சொத்தாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்ற முழக்கம். மறுபக்கத்தில் ஓடிப்போன மனிதர்களின் பெயர், வயது, அடையாளம். ஒரு காதில் வெட்டு. முதுகில் தழும்பு. இடது காலை இழுத்து நடப்பான். பிடிக்கப் போகிறவனுக்கு உதவியாக, எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்! பட்டியலின் பிரதியைத் தன் அலுவலகத்தில் வைத்திருந்து, பல வருஷம் கழித்துப் பேச்சு எழுதக் கடதாசி தேவைப்பட்டபோது, மறுபக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று எடுத்திருக்க வேண்டும். அவருக்கும் அது முக்கியமற்றதுதான்.  பெயரையும் அடையாளத்தையும் பட்டியல் போட்டு ஆட்களைத் தேடுகிறவர்களுக்குப் பயந்துதான் நான் ஊரை விட்டு வந்தவன். வந்த இடத்தில் இப்படியொரு பட்டியலை என் கையாலேயே ஒட்டி மூடி, அந்த மனுஷனின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

சூசன்னா ஏழாவது தாளில் இருந்தாள். கண்டவுடனே தர்சினி லொரேனைக் கூப்பிட்டாள். அவர் ஸ்காபரோவிலிருந்து வந்து சேரும்வரை நாங்கள் அந்த வரியை மூடிவைத்திருந்தோம். அவர்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசாமலே முடிவாகியிருந்தது. தர்சினி மூடியை எடுத்து, உருப்பெருக்கியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள். லொரேன் குனிந்து, சத்தமாக, சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசித்தார். சூசன்னா, வயது இருபது அளவில், வலது கையில் தீக்காயத் தழும்பு, ஆறு மாதப் பெண் குழந்தையைத் தன்னோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

அந்த இடத்தில் நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

“தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்,” என்றார். “விட்டுவிட்டுப் போகவில்லை. வழியில்தான்... வழியில்தான் ஏதோ நடந்திருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு இது தெரியாமல் போய்விட்டதே!” தர்சினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். தர்சினியும் அழுதாள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். வரி முடியவில்லை என்று கண்டுகொண்டார். குழந்தையின் பெயர் என்று எழுதி, அதற்கு அடுத்து ஓர் ஓட்டை. பெருவிரல் நகமளவு. பழைய கிழிசல் ஒன்று இருந்த இடம். நான் இரட்டைப் பூச்சுப் பூசிய இடம். கடற்பாசித் தகட்டை எடுத்தபோது அந்தத் துண்டு பச்சைத் தூளாக உதிர்ந்துவிட்டது. தூளைத் தர்சினி ஒரு சின்னக் குப்பிக்குள் சேர்த்து வைத்திருந்தாள்.

“இதில் என்ன இருந்தது?” என்று லொரேன் கேட்டார்.

“அந்தப் பிள்ளையின் பெயர்,” என்றேன். “நான் போட்ட துத்தம் தின்றுவிட்டது.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. அவருக்குத் திடீரென்று ஏதோ பிடிபட்ட மாதிரி முகம் மலர்ந்தது.

“நீங்கள் ஒட்டும்போது இந்த ஓட்டை இருக்கவில்லையே?”

“இல்லை. கிழிசல் மட்டும்தான்.”

“அப்படியானால் பெயர் இருந்திருக்கிறது.”

“இருந்தது.”

“நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.”

பார்த்தேன். இந்தத் தாளைக் குப்புறப் போட்டு, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்து, நேர்கோட்டுக்கு வருகிறதா என்று கண்ணை அதற்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் பசை பூசினேன். அப்படிப் பார்க்காமல் கிழிசல் ஒட்ட முடியாது. அந்தக் குழந்தையின் பெயரை உலகத்தில் கடைசியாகப் பார்த்தவன் நான்தான். அது எவ்வளவு நீளம், எந்த எழுத்தில் தொடங்கிற்று, ஒன்றுமே எனக்கு ஞாபகம் இல்லை. “பார்த்தேன். ஆனால் ஞாபகம் இல்லை,” என்றேன்.  

லொரேன் உருப்பெருக்கியை இழுத்து, ஓட்டையின் ஓரத்தை இன்னொரு தரம் தேடினார். போகும்போது தன் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி என் கையில் வைத்தார். “ஞாபகம் வந்தால் கூப்பிடுங்கள். ஓர் எழுத்தென்றாலும் கூப்பிடுங்கள்,” என்றார்.

ஒன்பது தாளுக்கும் புது வேலை அட்டை எழுதச் சொல்லித் தர்சினி பேனையைத் தந்தாள். எழுதினேன். பசை: கோதுமை மா, மயில்துத்தம். பூசியவர்: நான். மறைத்தவரும் நான். பின்பக்கம் என்ன இருந்தது என்ற இடத்தில், வாசிக்க முடிந்த பெயர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதினேன். அந்த ஒரு பெயருக்கு மட்டும் இடம் விட்டேன்.

லொரேனின் இலக்கம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. காலையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது மலர் ஒருதரம் அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

“வந்ததே?”

“இன்னும் இல்லை.”